'நம்' எண்ணெயும் 'எங்கள்' எண்ணெயும்: பியாஃப்ராப் போர் எழுத்துகளில் தன்மைப் பன்மை

ஆய்வுச் சுருக்கம்

நைஜீரியாவின் கிழக்கு வட்டாரம் 1967-இல் பியாஃப்ரா என்னும் பெயரில் தனிநாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. அதன் பின்புலத்தில் எண்ணெய் வருவாய் குறித்த மனக்குறை ஒரு காரணியாக இருந்தது. அவ்வெண்ணெயின் பெரும்பகுதி வட்டாரத்தின் பெரும்பான்மையினரான இக்போ மக்களின் மண்ணில் கிடைக்கவில்லை. சிறுபான்மை இனங்களின் மண்ணில் கிடைத்தது. இவ்வேறுபாடு போரைப் பற்றிய எழுத்துகளில் எவ்வாறு மறைகிறது, எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 'நாம்', 'நாங்கள்' எனத் தன்மைப் பன்மையைப் பிரித்தறியும் தமிழின் இயல்பு இவ்வாய்வுக்குக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பியாஃப்ரா, நைஜர் கழிமுகம், ஓகோனி, கென் சாரோ-விவா, உளப்பாட்டுத் தன்மைப் பன்மை, பிரிவினை, எண்ணெய் வருவாய்

முன்னுரை

வளம் மிக்க ஒரு வட்டாரம் நடுவண் அரசின்மீது கொள்ளும் மனக்குறை பெரும்பாலும் ஒரே வடிவிலான சொற்றொடரில் வெளிப்படும்: 'நம் மண்ணில் விளைவதை அவர்கள் கொண்டுபோகிறார்கள்.' இதில் 'அவர்கள்' யார் என்பதில் ஐயம் எழுவதில்லை. 'நம்' என்பதில் யார் யார் அடங்குவர் என்பதே ஆய்வுக்குரியது. ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைச் சொல் இவ்வினாவை எழுப்பாமலே கடந்துவிடும். தமிழில் அது இயலாது. கேட்போரையும் உளப்படுத்தினால் 'நாம்' என்றும், அவரை விலக்கினால் 'நாங்கள்' என்றும் கூற வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பியாஃப்ராப் போர் நூல்களைத் தமிழில் பெயர்க்க முனைபவர் ஒவ்வொரு பக்கத்திலும் இத்தேர்வைச் செய்தாக வேண்டியிருக்கும். மூல ஆசிரியர் சொல்லாமல் விட்ட ஒன்றை மொழிபெயர்ப்பாளர் அங்கே சொல்ல நேர்கிறது.

சினுவா அச்சிபியின் முதல் நாவல் வழியாகத் தமிழ் வாசகர்களும் ஆய்வாளர்களும் இக்போ சமூகத்தை ஓரளவு அறிந்திருக்கின்றனர். அதே வட்டாரத்தில் கடலோரத்திலும் கழிமுகத்திலும் வாழ்ந்த இஜோ, ஓகோனி, இக்வெரெ முதலிய இனங்களின் எழுத்துகள் இங்கு அவ்வளவாகப் பேசப்படவில்லை. இதனால் பியாஃப்ரா என்றவுடன் ஒரே குரலின் துயரமாக அதை வாசிக்கும் பழக்கம் நிலைபெற்றிருக்கிறது.

எண்ணெய் கிடைத்த இடமும் வருவாய் சென்ற இடமும்

நைஜீரியாவில் வணிக அளவிலான எண்ணெய் 1956-இல் ஒலொய்பிரி என்னும் சிற்றூரில் கண்டறியப்பட்டது. இது இஜோ மக்கள் மிகுந்த கழிமுகப் பகுதியைச் சேர்ந்தது. 1958-இல் ஏற்றுமதி தொடங்கியது. அதே ஆண்டில் ஓகோனி நிலத்தின் போமு வயலிலும் எண்ணெய் கிடைத்தது. அன்றைய நிருவாகப் பிரிவின்படி இவ்விடங்கள் கிழக்கு வட்டாரத்தின் பகுதிகளாகும்; வட்டாரத்தின் தலைநகரம் இக்போ மையநிலத்திலுள்ள எனுகு. இக்போ நிலத்திலும் எண்ணெய் வயல்கள் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கிணறுகளும் ஏற்றுமதித் துறையான போனியும் பெரும்பாலும் சிறுபான்மையினர் வாழிடங்களிலேயே அமைந்தன.

விடுதலைக் காலத்து அரசமைப்பு, கனிம வருவாயில் 50 விழுக்காட்டை அது தோன்றிய வட்டாரத்துக்கே திருப்பியளித்தது. நிலக்கடலையும் கொக்கோவும் முதன்மை வருவாயாக இருந்த காலத்தில் 'விளைந்த இடத்துக்கே பங்கு' என்னும் இந்நெறியை வடக்கும் மேற்கும் விரும்பின. எண்ணெய் தலையெடுத்த பின்னர் பங்கு படிப்படியாகச் சுருங்கியது. 1970-இல் 45 விழுக்காடாக இருந்தது, 1992-இல் வெறும் 3 விழுக்காடாக நின்றது. 1999 அரசமைப்பே அதனை 13 விழுக்காட்டுக்குக் குறையாமல் உயர்த்தியது. இதற்கிடையே 1969 பெட்ரோலிய ஆணை நாட்டின் எண்ணெய் அனைத்தையும் நடுவண் அரசின் உடைமையாக்கியது.

50 விழுக்காடு கிடைத்த காலத்திலும் அது எனுகுவுக்குத்தான் சென்றது. ஒலொய்பிரியில் அமர்ந்து பார்ப்பவருக்கு 'விளைந்த இடம்' என்பது எனுகு அன்று. சிறுபான்மையினரின் அச்சங்களை ஆராய 1957-இல் ஆங்கில அரசு அமைத்த வில்லிங்க் ஆணையம் அவ்வச்சங்களைப் பதிவு செய்தது. தனி மாநிலங்கள் வேண்டும் என்னும் கோரிக்கையை ஏற்கவில்லை.

இப்பின்னணியில் ஓர் உண்மை அடிக்கடி மறக்கப்படுகிறது. எண்ணெய் மண்ணில் எழுந்த முதற் பிரிவினை அறிவிப்பு பியாஃப்ராவுடையது அன்று. 1966 பிப்ரவரி 23-இல் ஒலொய்பிரியில் பிறந்தவரான ஐசக் அடாக்கா போரோ நைஜர் கழிமுகக் குடியரசை அறிவித்தார். பன்னிரண்டு நாளில் அது ஒடுக்கப்பட்டது. போரோவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. போர் மூளும் தறுவாயில் கோவோன் அரசு அவரை மன்னித்து விடுவித்தது. பின்னர் அவர் நடுவண் படையில் சேர்ந்து, பியாஃப்ராவுக்கு எதிராகப் போரிட்டு, 1968-இல் மடிந்தார். பிரிவினைவாதி ஒருவர் இன்னொரு பிரிவினையை எதிர்த்து உயிர்விட்டதை முரண் என்று கொள்வோர் உளர். அவருடைய கணக்கில் அது முரணன்று. எனுகு அண்மையிலிருந்த எசமானன்; லாகோஸ் தொலைவிலிருந்த எசமானன். தொலைவிலிருப்பவன் குறைவாகத் தொல்லை தருவான் என்று அவர் நம்பினார் என்றே கொள்ள வேண்டும். அந்நம்பிக்கை பொய்த்ததைக் காண அவர் உயிரோடு இல்லை.

1967 மே 27-இல் கோவோன் நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாகப் பிரித்தார். இதனால் இக்போ மையநிலம் கடலையும் எண்ணெயின் பெரும்பகுதியையும் இழந்தது. மூன்று நாள் கழித்து, மே 30-இல், ஓஜுக்வு பியாஃப்ராவை அறிவித்தார். தொடர்ந்து ஷெல்-பிபி நிறுவனம் உரிமத்தொகையை யாரிடம் செலுத்துவது என்னும் சிக்கல் எழுந்தது. பியாஃப்ராவுக்கு அடையாளமாக 2,50,000 பவுண்டு தர நிறுவனம் இசைந்ததும், நடுவண் அரசு முற்றுகையை எண்ணெய்த் துறைமுகத்துக்கும் விரித்தது. சூலை மாத இறுதியில் போனி நடுவண் படையிடம் வீழ்ந்தது. கால வரிசை இவ்வளவு தெளிவாக இருந்தும், போரின் இலக்கியத்தில் எண்ணெய்க்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

துயரத்தின் 'நாம்'

அச்சிபியின் 'தேர் வாஸ் எ கன்ட்ரி' (2012) தன்வரலாறும் வரலாறும் கலந்த நூல். அதன் உணர்ச்சி மையம் 1966-இல் வடக்கில் இக்போ மக்களும் பிற கிழக்கு மக்களும் கொல்லப்பட்ட கொடுமையும், அடுத்து வந்த முற்றுகையும் பட்டினியுமே. பட்டினியால் மாண்டோரே மிகுதியான அப்போரில் இறந்தோர் தொகை பத்து இலட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. இத்தகைய இழப்பை எழுதும் ஒருவர் எண்ணெயைப் பற்றிப் பேசத் தயங்குவது புரிந்துகொள்ளத்தக்கதே. 'எண்ணெய்க்காகத்தான் பிரிந்தார்கள்' என்பது எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு. எண்ணெயை ஒப்புக்கொள்வது பிணங்களைக் குறைத்துக் கூறுவதாகப் பொருள்படும் என்னும் அச்சம் பெரும்பான்மைத் தரப்பு எழுத்துகளில் இழையோடுகிறது.

ஆனால் இத்தயக்கத்தின் விலையைச் செலுத்தியவர் வேறு. எண்ணெய் பேசப்படாதபோது, அதன் மண்ணுக்குரியவர்களும் பேசப்படாமல் போகின்றனர். பியாஃப்ராவின் தலைமையில் சிறுபான்மையினர் இருந்தனர் என்பது மெய்யே. ஓஜுக்வுவுக்கு அடுத்த நிலையிலிருந்து, 1970 சனவரியில் சரணாகதியை முன்னின்று நடத்திய பிலிப் எஃபியோங் இக்போ அல்லர். எனினும் தலைமையில் ஒருவர் இருப்பதும் 'நாம்' என்னும் சொல்லுக்குள் ஓர் இனம் இருப்பதும் ஒன்றல்ல.

இவ்வேறுபாட்டைச் சிமமாண்டா என்கோசி அடிச்சி உணர்ந்திருக்கிறார். 'ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்' (2006) நாவலில் அகதி முகாம் காட்சி ஒன்று வருகிறது. மருத்துவம் பார்க்க வந்த டாக்டர் இன்யாங் இக்போ அல்லாதவர். நோயாளிப் பெண் ஒருத்தி அவர்மீது உமிழ்ந்து, காட்டிக்கொடுப்பவள் என்று ஏசுகிறாள். இக்போ அல்லாதவர்களே பகைவனுக்கு வழிகாட்டுகிறார்கள் என்கிறாள். உடனே கைனேனே அப்பெண்ணின் கன்னத்தில் அறைந்து, அனைவரும் பியாஃப்ரர்களே என்று கத்துகிறாள். தமிழில் இவ்விடத்தில் 'நாம்' என்பதைத் தவிர வேறு சொல் பொருந்தாது. ஆயினும் அந்த 'நாம்' ஓர் அறையின் துணையோடுதான் நிலைநிறுத்தப்படுகிறது. கைனேனேயின் சொல்லில் உளப்பாடு இருக்கிறது. முகாமின் மனத்தில் இல்லை.

இக்காட்சி நாவலின் நேர்மைக்குச் சான்று. அதன் எல்லைக்கும் அதுவே சான்று. நாவல் மூவரின் பார்வை வழியாக நகர்கிறது: உக்வு, ஓலன்னா, ரிச்சர்ட். ஆங்கிலேயனான ரிச்சர்ட் தன்னைப் பியாஃப்ரனாகக் கருதிக்கொள்ளும் மனவோட்டத்துக்கு நாவல் பக்கங்களைத் தாராளமாக வழங்குகிறது. இன்யாங்கின் பார்வையில் ஒரு பகுதியும் இல்லை. முகத்தில் விழுந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டு அன்றிரவு அவர் என்ன நினைத்திருப்பார் என்பதை வாசகர் அறிய வழியில்லை.

கணக்கின் 'நாங்கள்'

இன்யாங் நினைத்திருக்கக் கூடியதை எழுதியவர்கள் உண்டு. இக்வெரெ இனத்தவரான எலேச்சி அமாடி முன்னாள் படைத்தலைவர். போர்க்காலத்தில் பியாஃப்ரா அதிகாரிகளால் சிறைவைக்கப்பட்டவர். பின்னர் நடுவண் படையோடு பணியாற்றியவர். அவருடைய 'சன்செட் இன் பியாஃப்ரா' (1973) ஒரு போர்க்கால நாட்குறிப்பு. ஐயத்துக்குரிய இனத்தில் பிறந்தவன் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையும் நடுக்கம் அதில் ஆரவாரமின்றிப் பதிவாகிறது.

கென் சாரோ-விவா அமாடியினும் கூர்மையானவர், சினம் மிக்கவர். ஓகோனி இனத்தவரான அவர் 1967-இல் பியாஃப்ராவிலிருந்து தப்பி லாகோஸ் சென்று, நடுவண் அரசு கைப்பற்றிய போனியின் நிருவாகியாகப் பொறுப்பேற்றார். 'ஆன் எ டார்க்லிங் பிளெய்ன்' (1989) என்னும் போர் நினைவுநூலில், போரின் பெருந்துயரம் இக்போ மக்களுடையதன்று, கிழக்குச் சிறுபான்மையினருடையது என்று வாதிடுகிறார். இந்நூலில் எண்ணெய் மறைக்கப்படவில்லை. அதுவே வாதத்தின் அச்சாக விளங்குகிறது. காரணம் தெளிவு. குருதியின் கணக்கில் ஐந்து இலட்சம் பேர் கொண்ட ஓகோனி இனம் இக்போ மக்களோடு ஈடுநிற்க இயலாது. எண்ணெயின் கணக்கில் இயலும்.

அந்நூலின் தன்மைப் பன்மை ஐயமற்ற 'நாங்கள்'. அதில் இக்போ வாசகருக்கு இடமில்லை. இங்குதான் நூலின் குறைபாடும் தொடங்குகிறது. சாரோ-விவா 1973 வரை ரிவர்ஸ் மாநில அரசில் ஆணையராக இருந்தவர். போருக்குப்பின் அம்மாநிலத்தின் போர்ட் ஹார்கோர்ட் நகரில் இக்போ மக்களின் வீடுகள் 'கைவிடப்பட்ட சொத்து' எனப் பெயரிடப்பட்டு, அவற்றுக்குரியோர் திரும்பி வந்தபோது மறுக்கப்பட்டன. தம் நிலத்தின் விளைவை இழந்தோம் என்று முறையிட்ட ஓர் அரசு, பிறர் உழைப்பில் எழுந்த சுவர்களைத் தனதாக்கிக்கொண்டது. நினைவுநூலின் அறச்சினம் இவ்விடத்தில் வலுக்குன்றுகிறது. சிறுபான்மையினரின் எழுத்து என்பதாலேயே அதற்குத் திறனாய்விலிருந்து விலக்களிக்கத் தேவையில்லை.

நடுவண் அரசைப் பாதுகாவலனாகக் கண்ட அதே சாரோ-விவா 1990-இல் ஓகோனி உரிமைச் சாசனம் உருவாகும்போது எதிர்நிலையில் நிற்கிறார். 1958 முதல் தம் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட எண்ணெயின் மதிப்பு 30 பில்லியன் டாலருக்கும் மேல் என்றும், ஈடாகத் தாங்கள் பெற்றது ஒன்றுமில்லை என்றும் சாசனம் முறையிடுகிறது. தன்னாட்சியையும் வளத்தில் நியாயமான பங்கையும் கேட்கிறது. எனினும் நைஜீரியக் கூட்டாட்சிக்குள் நீடிக்கவே விழைவதாகவும் அது வெளிப்படையாகக் கூறுகிறது. ஆக, இச்சாசனத்தைப் பிரிவினை ஆவணமாக வாசிப்பது பிழை. பியாஃப்ராவின் 'நாம்' உள்ளே இழுத்து அடக்கியதைக் கண்டவர்கள், இன்னொரு தனிக்கொடியை நம்பவில்லை. 1993 சனவரி 4-இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் ஓகோனியர் அமைதியாகப் பேரணி சென்றனர். அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஓகோனித் தலைவர்கள் நால்வர் கும்பலால் கொல்லப்பட்டனர். அக்கொலைகளைத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சாரோ-விவாவும் எண்மரும் 1995 நவம்பர் 10-இல் தூக்கிலிடப்பட்டனர். விசாரணையின் நேர்மையின்மையை உலகம் கண்டித்தது. ஆனால் கொல்லப்பட்ட நால்வரும் ஓகோனியரே. அவர்கள் இயக்கத்தோடு முரண்பட்டவர்கள். 'நாங்கள்' அங்கேயும் பிளவுபட்டிருந்தது.

'சோசாபாய்': எண்ணெய் இல்லாத எண்ணெய் நாவல்

வாதநூலில் சாரோ-விவா காணாததை, அல்லது காண விரும்பாததை, அவருடைய நாவல் கண்டிருக்கிறது. 'சோசாபாய்' (1985) நினைவுநூலுக்கு நான்காண்டு முன்னரே வெளிவந்தது. 'அழுகிய ஆங்கிலம்' என்று ஆசிரியரே பெயரிட்ட மொழியில், அதாவது பிட்ஜினும் உடைந்த ஆங்கிலமும் இடையிடையே நல்ல ஆங்கிலமும் கலந்த நடையில் அது எழுதப்பட்டது. கதைசொல்லி மேனே, டுக்கானா என்னும் கற்பனைச் சிற்றூரைச் சேர்ந்தவன். சரக்குந்து ஓட்டுநரிடம் தொழில் பழகுபவன். படைவீரனின் சீருடைக்கும் மனைவி ஆக்னசின் மதிப்புக்கும் ஆசைப்பட்டுப் போருக்குப் போகிறான்.

பியாஃப்ரா என்னும் பெயரை இந்நாவல் முன்னிறுத்துவதே இல்லை. எண்ணெயும் கதையை நகர்த்தும் பொருளாக வருவதில்லை. போர் டுக்கானாவை எட்டுவது உப்பின் வழியாக. உப்பு கிடைப்பது அரிதாகி விலை ஏறுகிறது. எண்ணெய்க் கிணற்றின்மேல் அமர்ந்திருக்கும் மக்களின் பொருளியல் ஒரு குவளை உப்பில் நிற்கிறது என்பதை எந்தப் புள்ளிவிவரமும் இவ்வளவு கூர்மையாகச் சொல்லிவிட முடியாது. (அடுத்த ஆண்டு வெளிவந்த 'எ ஃபாரஸ்ட் ஆஃப் ஃபிளவர்ஸ்' தொகுப்பின் 'நைட் ரைட்' கதையில் எண்ணெய் நிறுவனத்தார் வந்து ஒரு மூதாட்டியின் ஒரே நிலத்தைத் தோண்டிவிடுகின்றனர். அங்கே எண்ணெய் நேரடியாக வருகிறது. கதை அதனால் வலுப்பெற்றதா என்பது வேறு வினா.)

படைத்தளபதி முகாமுக்கு வந்து உயர் ஆங்கிலத்தில் உரையாற்றும் காட்சி தனித்துக் கருதத்தக்கது. மேனேக்குச் சில சொற்களே எட்டுகின்றன. 'பகைவன்' என்பது அவற்றுள் ஒன்று. அப்பகைவன் யார், எப்படியிருப்பான் என்று மேனே உண்மையாகவே வியக்கிறான். தளபதியின் பேச்சில் 'நாம்' நிறைந்திருக்கலாம். கேட்பவனுக்கு அது விளங்கவே இல்லை. அரசியல் உரையின் உளப்பாடு மொழி புரியாத இடத்தில் அறுந்துபோவதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய போர்நாவலைக் காண்பது அரிது. பின்னர் மன்மஸ்வாக் என்பவன் வருகிறான். 'மனிதன் உண்டாக வேண்டும்' என்று பொருள்படும் பெயருடைய அவன் இருதரப்பிலும் மாறி மாறித் தோன்றுகிறான். ஓரிடத்தில் வீரன், இன்னோரிடத்தில் மருத்துவமனைப் பணியாளன். இரு கொடிகளுக்கும் அடியில் ஒரே முகத்தை வைத்ததன் வழி, நினைவுநூல் கட்டியெழுப்பப்போகும் 'நாங்கள் - அவர்கள்' எல்லையை நாவல் முன்கூட்டியே கலைத்துவிடுகிறது.

இதனினும் கடுமையானது டுக்கானா மக்களின் அகதி முகாமில் மேனே காண்பது. ஊர்த்தலைவர் பிராபீயும் போதகர் பாரிக்காவும் பசித்தவர்களுக்கு வந்த உணவைத் தாம் கொழுக்கப் பயன்படுத்துகின்றனர். சுரண்டுபவர் எனுகுவிலும் இல்லை, லாகோசிலும் இல்லை. சொந்த ஊரின் முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். நினைவுநூலை எழுதிய கை இப்பக்கங்களையும் எழுதியது என்பதே சாரோ-விவாவை வெறும் இனப் பரப்புரையாளராகக் காண்போர்க்குத் தக்க மறுமொழி.

நாவலின் இறுதியில் மேனே ஊர் திரும்புகிறான். தாயும் ஆக்னசும் குண்டுக்கு இரையாகிவிட்டனர். ஊரில் நோய் பரவி மக்கள் மடிகின்றனர். இருளில் அவனிடம் பேச்சுக் கொடுப்பவர் கால்களை இழந்த டூசியா மட்டுமே. போரில் இறந்த மேனேயின் ஆவிதான் ஊரைக் கொல்கிறது என்று மந்திரவாதி சொன்னதையும், அதைத் தீர்க்க ஊரார் பணம் திரட்டியதையும், அவனைக் கொன்று முறைப்படி புதைத்தாலன்றி நோய் நீங்காது என்று நம்புவதையும் டூசியா விவரிக்கிறார். அவருக்கு எதிரே இருப்பவன் டுக்கானாவில் பிறந்தவன், அம்மொழி பேசுபவன், அம்மண்ணைத் தவிர வேறு மண் அறியாதவன். இப்பகுதியைப் பெயர்க்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் டூசியாவின் வாயில் 'நாம் பணம் திரட்டினோம்' என்று இடுவதற்கு இலக்கணம் இடம் கொடாது. 'நாங்கள்' என்றே எழுத வேண்டும். அச்சொல்லைக் கேட்ட பிறகே மேனே ஊரைவிட்டு ஓடுகிறான்.